வாசகர் கேள்வி – பதில்: வாளா, ஈட்டியா, வில்லா?

கேள்வி: நண்பனும் நானும் மொபைலில் நேருக்கு நேர் சண்டை விளையாட்டு ஆடுகிறோம். தொடங்குமுன் ஆளுக்கோர் ஆயுதத்தை மறைவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 10 ஆட்டத்தில் வாள் வில்லை 8 முறை வெல்கிறது. ஈட்டி வாளை 7 முறை. வில் ஈட்டியை 6 முறை. வாளையே எடுத்துவந்தேன், இப்போது தொடர்தோல்வி. எதை எடுப்பது?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: நீங்கள் வாள்தான் எடுப்பீர்கள் என்று தெரிந்ததும் நண்பர் ஈட்டிக்கு மாறிவிட்டார். நீங்கள் வில்லுக்குப் போனால் அவர் வாளுக்கு வருவார். ஆகவே எந்த ஆயுதம் என்று கேட்காமல், எதை எத்தனை பங்கு என்று கேளுங்கள். ஒருவர் லாபம் மற்றவர் நஷ்டமாகும் இருவர் ஆட்டங்களில் இப்படியொரு பாதுகாப்பான கலவை நிச்சயம் உண்டு என்பதை கணித மேதை ஜான் வான் நாய்மன் 1928-இல் நிரூபித்தார்.

வெற்றியிலிருந்து தோல்வியைக் கழியுங்கள். வாள்–வில் 6, ஈட்டி–வாள் 4, வில்–ஈட்டி 2. மூன்று ஆயுதங்கள் இப்படி வட்டமாக ஒன்றையொன்று வென்றால், ஓர் ஆயுதத்தின் பங்கு அது கலந்துகொள்ளாத சண்டையின் வித்தியாசம்தான். வாளுக்கு 2, ஈட்டிக்கு 6, வில்லுக்கு 4. பகடை உருட்டுங்கள்: 1 விழுந்தால் வாள்; 2, 3, 4 என்றால் ஈட்டி; 5, 6 என்றால் வில்.

சரிபார்ப்போம். நண்பர் 12 ஆட்டமும் வாளே எடுக்கிறார் என்றால், உங்கள் ஈட்டிக்கு 6×4 = 24 லாபம், வில்லுக்கு 4×6 = 24 நஷ்டம். வாளுக்கு வாள் சமம். அவர் எதை எடுத்தாலும் கணக்கு இப்படியே நேராகும். மூன்றில் நோஞ்சானாகத் தெரியும் வில்லுக்கு வாளைப்போல் இரு மடங்கு பங்கு கிடைக்கிறது. ஈட்டியை அடக்க வேறு ஆளில்லையே!

பகடையை விட்டு மனம்போன போக்கில் மாற்றினால் ஒரு வரிசை படிந்துவிடும், நண்பர் அதைப் பிடித்துக்கொள்வார். இன்னொன்று, இந்தக் கலவை தோல்வியைத்தான் தடுக்கும். அவர் அடிக்கடி வில்லுக்கே போகிறார் என்று தெரிந்தால் பகடையை ஓரம் வைத்து வாளை எடுங்கள்.

10 ஆட்டக் கணக்கையும் நம்பாதீர்கள். சரிசமமான ஆயுதமே 10-க்கு 7 அல்லது அதற்குமேல் வெல்ல சுமார் 17 சதவீதம் வாய்ப்புண்டு. ஜோடிக்கு 50 ஆட்டமாவது எழுதிவையுங்கள், மேப்புக்கு (சண்டை நடக்கும் களத்துக்கு) ஒரு பட்டியலாக. நம் வேலூர்க் கோட்டைபோல் அகழி சூழ்ந்த மேப்பில் வாள்காரன் வில்காரனை நெருங்கவே முடியாது. அங்கே 8 என்ற எண் நிற்காது.

கேள்வி: அதே விளையாட்டில் கோடரிக்கு சேத எண் (அடி விழுந்தால் எதிராளிக்கு ஆகும் சேதம்) அதிகம். காயின் கொடுத்து வாங்கலாமா? 10-க்கு வாளிடம் 6, ஈட்டியிடம் 4, வில்லிடம் 3 வெற்றி.
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: வேண்டாம். ஈட்டிக்கு அதே வரிசையில் 7, 5, 4. கோடரியோடு நேராக மோதினாலும் 6. எதிராளி எதை எடுத்தாலும் ஈட்டியே ஒரு படி மேல் என்பதால் கோடரிக்கு எந்தக் கலவையிலும் இடமில்லை. அட்டையிலுள்ள சேத எண் ஓர் அடிக்கானது. வீச்சு மெதுவாக இருந்தால், ஒரு வெட்டு விழுவதற்குள் இரண்டு குத்து வாங்குவீர்கள்.