சர்வர் படுத்தா கமிட் பண்ண முடியல, கிட்டுக்கு மாறலாமா?

ப்ரோ, தண்டையார்பேட்டை ஆபீஸ்ல நாலு பேரு, கரண்ட் போய் சர்வர் படுத்துட்டா எஸ்விஎன்ல (கோடுல செய்யுற மாத்தங்கள ஒரு சர்வர்ல பதிஞ்சு வெக்கிற சாஃப்ட்வேர்) கமிட்டே, அதாவது மாத்தத்த பதியுறதே, ஆக மாட்டேங்குதுன்னு கேட்டிருந்தீங்க, அதே வேலைய செய்யுற கிட்டுக்கு கண்டிப்பா மாறுங்க. கிட்ல குளோன் பண்ண (முழு காப்பி எடுத்த) ஒவ்வொரு லேப்டாப்லயும் மொத்த ஹிஸ்டரியும் இருக்கும், அதனால நெட் இல்லாமலே கமிட் போட்டுட்டு கரண்ட் வந்தப்புறம் புஷ் பண்ணி சர்வருக்கு அனுப்பிக்கலாம். 2005ல லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) வேலைக்காக எழுதுனதுதான் கிட், ஆளுக்கொரு ஊர்ல உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு.

வியாசர்பாடில நான் இருந்த ஆபீஸ்ல மழைத்தண்ணி ஏறி சர்வர் டிஸ்க்கே போச்சு, ஒரு தம்பி லேப்டாப்ல இருந்த குளோன வெச்சு எல்லாத்தையும் மீட்டோம், அன்னிக்கு வந்த நிம்மதி இருக்கே! பிராஞ்சுக்கும் (மெயின் கோட தொடாம தனியா வேலை பாக்குற கிளை) பயப்படாதீங்க, அது ஒரு கமிட் ஐடி மட்டும் இருக்குற குட்டி ஃபைல்தான்.

எஸ்விஎன்ல இருக்குற பழைய ஹிஸ்டரிய மட்டும் விட்டுடாதீங்க, 'கிட் எஸ்விஎன் குளோன்' கமாண்ட் போட்டா அதுவும் கூடவே வந்துடும், ரொம்ப நேரம் ஓடும், ராத்திரி போட்டுட்டு போங்க.