தென்னம்பாத்தியில் நெளிவது புழுப்பல்லியா?

கேள்வி: உச்சிப்புளியில் எங்கள் தோப்பில் தென்னைக்குப் பாத்தி வெட்டினால், கறுப்பாகப் பளபளவென்று புழு மாதிரி ஒன்று நெளிகிறது. மழை நாளில் குளியலறைக்கும் வந்துவிடுகிறது. குவைத்தில் இருக்கும் தம்பி அங்கே மணலில் எடுத்த படம் ஒன்றை அனுப்பி, "இது புழுப்பல்லி, நம்ம ஊர்லயும் இதுதான்" என்கிறான். கடிக்குமா? காதுக்குள் போய்விடுமா? அடித்துவிடலாமா?

பதில்: அடிக்காதீர்கள், அம்மா. உங்கள் தோப்பில் இருப்பது புழுப்பாம்பு. குருட்டுப் பாம்பு என்றும் சொல்வார்கள். நஞ்சு துளியும் கிடையாது. வாய் மிகச் சிறியது, நம்மைக் கடிக்கவே முடியாது. கையில் எடுத்தால் வால் நுனியிலுள்ள குட்டி முள்ளை அழுத்தும். அதைத்தான் பலர் கொட்டிவிட்டது என்று பயப்படுகிறார்கள். காதைத் தேடி வரும் என்பதும் வீண் பயம்.

தம்பி பார்த்தது புழுப்பல்லியாகவே இருக்கலாம். குவைத், சவூதி, ஓமன் மணலில் ஒரு வகை உண்டு. கால் இல்லை, வெளிறிய உடல், மண்புழு போல வளையம் வளையமாக இருக்கும். அடிவயிறு தட்டை. தலையை இப்படியும் அப்படியுமாகத் திருகித் திருகி மணலைத் துளைக்கும். ஆனால் இந்தியாவில் புழுப்பல்லி எதுவுமே இல்லை.

நம் புழுப்பாம்பு காய்ந்த மணலில் தங்காது. ஈரமும் எறும்பும் கறையானும் வேண்டும். எறும்பின் முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம்தான் அதன் சாப்பாடு. கடலோர மணலில் அந்த ஈரம் தென்னம்பாத்தி, மட்டைக் குவியல், எருக்குழி இங்கேதான் நிற்கும். அதனால்தான் மண்வெட்டி போடும் இடத்திலேயே கிடைக்கிறது. இன்னொரு அதிசயம், இந்த இனத்தில் எல்லாமே பெண். ஆண் இல்லாமலே முட்டையிடும். செடித்தொட்டி மண்ணோடு ஒன்றே ஒன்று போனாலும் புது ஊரில் பெருகிவிடும். உலகமெங்கும் அப்படித்தான் பரவியது.

சந்தேகம் வந்தால் இதைப் பாருங்கள்: மண்புழு பிசுபிசுக்கும், நீண்டு சுருங்கும். புழுப்பாம்பு உலர்ந்து வழவழப்பாக இருக்கும், குட்டி நாக்கை நீட்டும், கண் கரும்புள்ளியாகத் தெரியும். வெள்ளைப் பட்டை தெரிந்தாலோ, பென்சிலைவிடத் தடித்திருந்தாலோ கை வைக்காதீர்கள். அது கட்டுவிரியன் குட்டியாகக்கூட இருக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணுக்குள் தண்ணீர் நிறைந்தால் மேலே ஏறிவரும். குளியலறைத் தண்ணீர் போகும் துளைக்கு நெருக்கமான கம்பிவலை போடுங்கள். பினாயில், உப்பு எதுவும் வேண்டாம். உள்ளே வந்துவிட்டால் ஒரு தாளில் ஏந்தி, தென்னை மூட்டின் ஈர மண்ணில் விடுங்கள், நொடியில் உள்ளே போய்விடும்.