டிரான்சிஸ்டரை மாற்றியதும் ஒலி கரகரப்பது ஏன்?

கேள்வி: பி.சி.547 டிரான்சிஸ்டரை வைத்து 12 வோல்ட் மைக் ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்தேன். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில், கலெக்டரில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். சப்ளையிலிருந்து பேஸுக்கு 2.2 மெகா ஓம். எமிட்டர் நேராக கிரவுண்டில். நன்றாகவே பாடியது. டிரான்சிஸ்டர் பழுதாகி, அதே எண்ணில் வேறொன்றைப் போட்டதும் ஒலி நசுங்கிக் கரகரக்கிறது. புதியது போலியா?

பதில்: போலி என்று கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம், பழையது ஒழுங்காக வேலை செய்ததுதான் அதிர்ஷ்டம். பேஸ் மின்னோட்டத்தைப் போல் எத்தனை மடங்கு கலெக்டரில் பாயும் என்பதே பீட்டா. பி.சி.547-இல் ஏ வகைக்கு அது 110 முதல் 220 வரை, பி வகைக்கு 200 முதல் 450 வரை, சி வகைக்கு 420 முதல் 800 வரை இருக்கலாம். மூன்றின் மேலும் 547 என்றே அச்சிட்டிருக்கும். கடைசி எழுத்தை யார் கவனிக்கிறார்கள்?

உங்கள் 2.2 மெகா ஓம் பேஸுக்குத் தருவது சுமார் 5 மைக்ரோ ஆம்பியர். பீட்டா 220 என்றால் கலெக்டரில் 1.1 மில்லி ஆம்பியர் பாயும். கலெக்டர் ஏறக்குறைய 6.7 வோல்ட்டில் நிற்கும். ஒலி அலை மேலும் கீழும் ஆட இடம் உண்டு. பீட்டா 500-ஐத் தாண்டினால் 4.7 கிலோ ஓமே 12 வோல்ட்டையும் விழுங்கிவிடும். டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்து கிடக்க, அலையின் ஒரு பாதி வெட்டுப்படும். மைக்கைக் கழற்றிவிட்டு, கலெக்டருக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கும் கீழே காட்டினால் காரணம் இதுதான்.

உடனடி வைத்தியம்: 2.2 மெகா ஓமை எடுத்துவிட்டு, கலெக்டரிலிருந்து பேஸுக்கு 1 மெகா ஓம் இணையுங்கள். மின்னோட்டம் கூடினால் கலெக்டர் மின்னழுத்தம் இறங்கும். அதனால் பேஸுக்கு வருவதும் குறையும். பீட்டா 220-க்கு 6.2 வோல்ட், 500-க்கு 4 வோல்ட். சுமார்தான், ஆனாலும் ஓடும்.

நான் பரிந்துரைப்பது இதைவிட உறுதியான அமைப்பு. சப்ளையிலிருந்து பேஸுக்கு 68 கிலோ ஓம், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 12 கிலோ ஓம், எமிட்டரில் 1 கிலோ ஓம். கலெக்டரில் அதே 4.7. பேஸ் சுமார் 1.75 வோல்ட்டில் நிற்கும். பேஸ்-எமிட்டர் சந்தியில் ஏறக்குறைய 0.65 போக, எமிட்டரில் 1.1 வோல்ட், ஆகவே 1.1 மில்லி ஆம்பியர். பீட்டா 110 ஆனாலும் 800 ஆனாலும் கலெக்டர் மின்னழுத்தம் அரை வோல்ட்கூட நகராது. அந்தச் சந்தியின் மின்னழுத்தம் ஒரு டிகிரி சூட்டுக்கு 2 மில்லி வோல்ட் வீதம் குறையும். எமிட்டரில் 1 வோல்ட் விட்டு வைத்திருப்பதால் அதுவும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது.

இதில் ஓர் இழப்பு உண்டு. பெருக்கம், அதாவது ஒலி சிக்னல் எத்தனை மடங்காகிறது என்பது, 4.7-க்கும் கீழே போய்விடும். மைக்குக்கு அது போதாது. 1 கிலோ ஓமுக்குக் குறுக்கே 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை மட்டும் போட்டால் 200-ஐ நெருங்கும், ஆனால் சத்தமாகப் பேசினால் திரிபும் கூடவே வரும். கெபாசிட்டருடன் தொடராக 100 ஓம் சேர்த்துவிடுங்கள்: பெருக்கம் 40 அளவில் அடங்கும். கெபாசிட்டரின் பாசிட்டிவ் முனை எமிட்டர் பக்கம்.

மைக்கிலிருந்து பேஸுக்கு வரும் உள்ளீட்டுக் கெபாசிட்டரில் மட்டும் எச்சரிக்கை தேவை. சப்ளை கொடுத்து இயக்கும் எலக்ட்ரெட் மைக் என்றால் அதன் முனையிலும் சில வோல்ட் இருக்கும். இரு பக்கமும் அளந்து, கூடுதலாக உள்ள பக்கத்தில் பாசிட்டிவ் முனையை வையுங்கள்.