கேள்வி – பதில்

கே: ரயில் பாதையோரம் மரம் அறுப்பதற்கென்றே உருவான ஊர், ஒரேயடியாக மூடப்பட்டு அடையாளமே இல்லாமல் போனதுண்டா?
– வாசகர், தென்காசி

ப: உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மலைக்காட்டு நடுவே இருந்த வால்செட்ஸ். 'வேலி அண்ட் சைலெட்ஸ்' (Valley and Siletz) என்ற ரயில் பாதையின் பெயரைச் சுருக்கித்தான் ஊருக்கே பெயர் வைத்தார்கள்! அறுத்த பலகை வெளியே போனதும் அந்த ரயிலில்தான். வீடு, கடை எல்லாமே மர ஆலை நிறுவனத்துடையவை. அதனால் வேலை போனால் வீடும் போய்விடும். ஓயாத மழைக்கும் பேர்போன ஊர் அது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஊரின் பத்திரிகைதான். 1937இல் டோரதி ஆன் ஹாப்சன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி 'வால்செட்ஸ் ஸ்டார்' என்று மாதப் பத்திரிகை தொடங்கி, மழை, மரம், பக்கத்து வீட்டுச் சேதி என்று மனதில் பட்டதையெல்லாம் எழுத, அதை ஊருக்கு வெளியேயும் தேடிப் படித்தார்கள். நாலு வருஷம் நடத்தினாள், யோசித்துப் பாருங்கள்!

1984இல் நிறுவனம் ஆலையை மூடியது. குடும்பங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்ப, பள்ளிக்கூடமும் கடைசி மாணவர்களை அனுப்பிவிட்டு மூடப்பட்டது. அப்புறம் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள், மரத்துண்டுகள் மிதந்த ஏரியையும் வடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது மறுபடியும் மரங்கள்தான் வளர்கின்றன.