ஆதரவுக் கடிதமும் அவைக் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2024 மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் குடியரசுத் தலைவர் அக்கட்சியின் தலைவரையே ஆட்சியமைக்க அழைத்தது எந்த விதியின்படி? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இன்னாரைத்தான் அழைக்க வேண்டும் என்று சொல்லும் விதி எதுவும் அரசியலமைப்புச் சட்டத்தில் இல்லை. பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்றும், அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்றும் 75ஆவது பிரிவு சொல்வதோடு சரி. மற்றதெல்லாம் மரபு, அந்த மரபும் குடியரசுத் தலைவருக்குக் குடியரசுத் தலைவர் மாறியே வந்திருக்கிறது.

1989இல் காங்கிரஸ் 197 இடங்களுடன் தனிப்பெரும் கட்சியாக வந்தபோது, ஆர். வெங்கட்ராமன் முதலில் ராஜீவ் காந்தியைத்தான் அழைத்தார். அவர் மறுத்த பிறகே வி.பி. சிங்குக்கு அழைப்புப் போயிற்று. 1996இல் சங்கர் தயாள் சர்மா அதே வழக்கப்படி, 161 இடங்களே பெற்றிருந்த பா.ஜ.க.வின் வாஜ்பாயை அழைத்தார். மேற்கொண்டு ஆதரவு திரட்ட முடியாத வாஜ்பாய், வாக்கெடுப்புக்கு முன்பே, 13 நாட்களில் பதவி விலகினார். இந்த அனுபவத்தைக் கண்முன் வைத்துத்தான் 1998இல் கே.ஆர். நாராயணன் தோழமைக் கட்சிகளின் ஆதரவுக் கடிதங்களைக் கேட்டார். 18 உறுப்பினர்களைக் கொண்டிருந்த அ.தி.மு.க.வின் கடிதம் வந்து சேராமல் டெல்லி காத்துக்கிடந்தது நம் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

2024இல் இந்தச் சங்கடம் எழவில்லை. பா.ஜ.க. 240 இடங்களோடு, அதாவது பெரும்பான்மைக்குத் தேவையான 272க்கு 32 குறைவாக நின்றாலும், தேர்தலுக்கு முன்பே அமைந்திருந்த தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 293 இடங்கள் இருந்தன. தெலுங்கு தேசத்தின் 16 பேரும் ஐக்கிய ஜனதா தளத்தின் 12 பேரும் அதில் அடக்கம். ஜூன் 7 அன்று கூட்டணி உறுப்பினர்கள் கூடி மோடியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த பிறகு, திரௌபதி முர்மு முடிவெடுக்க வேண்டியதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

கேள்வி: ‘வெளியிலிருந்து ஆதரவு’ என்று முன்பெல்லாம் அடிக்கடி கேள்விப்பட்டோம். ஆட்சியில் பங்கு கேட்காத கட்சி பெருந்தன்மையான கட்சி அல்லவா? (ஈரோடு வாசகர்)

பதில்: பெருந்தன்மை என்று தாங்கள் சொல்வதைச் சரண்சிங் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். 1979இல் இந்திரா காந்தியின் ஆதரவை நம்பிப் பிரதமரான அவர், மக்களவையை ஒரு நாள்கூடச் சந்திக்காமலே ஒரு மாதத்துக்குள் விலக நேர்ந்தது. 1990 நவம்பரில் காங்கிரஸ் ஆதரவுடன் பதவியேற்ற சந்திரசேகரின் அரசுக்கு நான்கே மாதங்களில் முடிவு வந்தது. ராஜீவ் காந்தியின் இல்லத்தருகே அரியானா காவலர்கள் இருவர் வேவு பார்த்தார்கள் என்ற புகார்தான் உடனடிக் காரணம். தேவகவுடாவைக் காங்கிரஸ் கைவிட்டதும், 1997 ஏப்ரல் 11 வாக்கெடுப்பில் அவருக்கு ஆதரவாக 158 வாக்குகளும் எதிராக 292 வாக்குகளும் விழுந்தன. அடுத்து வந்த குஜ்ராலிடம், ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையைக் காட்டித் தி.மு.க. அமைச்சர்களை நீக்கச் சொன்னார்கள் காங்கிரஸார். அவர் இணங்கவில்லை, ஆட்சி போயிற்று. நான்கு பிரதமர்களையும் வெளியே நின்று தாங்கியதும் பிறகு கைவிட்டதும் காங்கிரஸ் மரபில் வந்தவர்களே என்பதைக் கவனியுங்கள். அமைச்சர் பதவி பெறாத கட்சிக்கு ஆட்சியின் கெட்ட பெயரிலும் பங்கில்லை. கவிழ்ப்பதால் அதற்கு இழப்பும் குறைவு.

உள்ளே இருந்தால் கவிழ்க்க மாட்டார்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1999இல் அமைச்சரவையில் இடம்பெற்றிருந்த அ.தி.மு.க. விலகியதால்தான் வாஜ்பாய் அரசு நம்பிக்கை கோர நேர்ந்து, ஏப்ரல் 17 அன்று 269க்கு 270 என்று ஒரே வாக்கில் தோற்றது. இதற்கு மாறாக, 2008இல் அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் வெளி ஆதரவை விலக்கிக்கொண்டபோது, சமாஜ்வாதி கைகொடுத்ததால் மன்மோகன் சிங் 275க்கு 256 என்ற கணக்கில் தப்பினார்.

கேள்வி: கூட்டணி ஆட்சி என்றதும் சபாநாயகர் பதவிக்கு ஏன் இத்தனை போட்டி? (புதுச்சேரி வாசகர்)

பதில்: மேலே சொன்ன அந்த ஒரு வாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசா முதலமைச்சராகிவிட்ட கிரிதர் கமாங், மக்களவை உறுப்பினர் பதவியை அதுவரை விடாமல் வைத்திருந்து வாக்களிக்க வந்தார். அனுமதிக்கலாமா என்ற கேள்வி, தெலுங்கு தேசத்தைச் சேர்ந்த சபாநாயகர் பாலயோகியிடம் வந்தது. அவர் அதைக் கமாங்கின் மனசாட்சிக்கே விட்டார், கமாங் அரசுக்கு எதிராக வாக்களித்தார். கட்சித் தாவல் புகார்களில் தீர்ப்புச் சொல்வதும் அந்த நாற்காலிதான். 2024இல் பா.ஜ.க. அதைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுக்காமல் ஓம் பிர்லாவையே மீண்டும் அமர்த்தியதில் வியப்பில்லை.

கேள்வி: அணி மாறும் கட்சியைக் கட்சித் தாவல் தடைச் சட்டம் தடுக்காதா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: தடுக்காது. 1985இல் வந்த அச்சட்டம், கட்சியைத் தானாக விட்டு விலகும், அல்லது எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி பிறப்பிக்கும் கொறடா உத்தரவை மீறும் தனி உறுப்பினரைத்தான் பிடிக்கும். ஒரு கட்சி முழுவதுமாக அணி மாறினால் அதன் பார்வையில் அது தாவலே அல்ல. பா.ஜ.க.வுக்கு எதிரான அணியை உருவாக்க முன்னின்ற ஐக்கிய ஜனதா தளத்தின் நிதிஷ்குமார், 2024 ஜனவரியில் மறுபக்கம் போனது அப்படித்தான்.

கேள்வி: தோழமைக் கட்சிகளைத் திருப்திப்படுத்த எத்தனை பேரை வேண்டுமானாலும் அமைச்சராக்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: 2003ஆம் ஆண்டின் 91ஆவது திருத்தத்துக்குப் பிறகு முடியாது. மக்களவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காடுதான் உச்சவரம்பு. 543க்கு அது 81 ஆகும். 2024 ஜூன் 9 அன்று பிரதமரையும் சேர்த்து 72 பேர் பதவியேற்றார்கள். தெலுங்கு தேசத்துக்கும் ஐக்கிய ஜனதா தளத்துக்கும் தலா இரண்டு இடங்கள் கிடைத்தன. உள்துறை, நிதி, பாதுகாப்பு, வெளியுறவு ஆகிய நான்கையும் பா.ஜ.க. தன்னிடமே வைத்துக்கொண்டது.