“அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டவர்கள்

கேள்வி: என் 10 வயது மகள் நான்சி ட்ரூ துப்பறியும் கதைகளைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறாள். இப்போது 17ஆவது புத்தகம் ஓடுகிறது. எனக்கு எல்லாம் ஒரே கதையாகத்தான் தெரிகிறது. பிள்ளைகளை வாங்கவைக்கப் பதிப்பகத்தார் கண்டுபிடித்த தந்திரம்தானே இந்தத் தொடர் புத்தகங்கள்? நிறுத்திவிடலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: உங்கள் சந்தேகம் பாதி சரி, சகோதரி. அட்டையில் பெயர் இருக்கிறதே, கேரலின் கீன், அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயர் என்ற அமெரிக்கர் சிறுவர் கதைகளை ஆள்வைத்து எழுதி வாங்கும் நிறுவனம் நடத்தினார். கதைச் சுருக்கம் அவருடையது. அதை முழுப் புத்தகமாக்குவது வேறொருவர் வேலை. முதல் நான்சி ட்ரூ கதைகளை எழுதியவர் இருபதுகளில் இருந்த மில்ட்ரெட் வர்ட். புத்தகத்துக்கு 125 டாலர் கூலி, அதோடு சரி. 1930இல் முதல் மூன்று புத்தகங்களையும் ஒரே நேரத்தில் வெளியிட்டார்கள். ஒன்றை முடித்த பிள்ளைக்கு அடுத்தது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமே!

ஆனால் அந்தப் பசியை ஸ்ட்ராட்டமேயர் உண்டாக்கவில்லை. அது அவருக்கு முன்பே இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் 1868இல் நான்கு சகோதரிகளின் கதையான ‘லிட்டில் விமென்’ முதல் பாகத்தை வெளியிட்டதுமே, அந்தச் சகோதரிகள் யார் யாரைக் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று கேட்டுப் பெண்பிள்ளைகளின் கடிதங்கள் வரத் தொடங்கின. பெண்ணின் வாழ்க்கைக்குக் கல்யாணம் ஒன்றுதான் குறிக்கோளா என்று ஆல்காட் நாட்குறிப்பில் எரிந்து விழுகிறார். யாரைத் திருப்திப்படுத்தவும், சகோதரிகளில் ஒருத்தியான ஜோவை அவள் தோழன் லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்றும் எழுதுகிறார். சொன்னபடியே 1869இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜோவை வயதில் மூத்த ஒரு ஜெர்மன் பேராசிரியருக்குக் கொடுத்துவிட்டார். (இன்றுவரை பலருக்கு அதில் வருத்தம். எனக்கும்தான்.) அப்புறமும் வாசகர்கள் விடவில்லை. இந்தக் கதை வரிசையில் 1886இல் வந்த கடைசிப் புத்தகத்தின் முடிவில், ஒரு பூகம்பம் வந்து கதை நடக்கும் இடத்தையே விழுங்கிவிட்டால் தேவலை என்று தோன்றுவதாக எழுதியிருக்கிறார், பாவம்.

எனக்கு மிகப் பிடித்தது ஃபிராங்க் பாம் என்ற அமெரிக்க எழுத்தாளரின் கதைதான். 1900இல் ‘ஓஸ்’ என்ற மாய நாட்டு மந்திரவாதியின் கதையை எழுதியபோது அது ஒரே புத்தகம். பிள்ளைகளின் கடிதங்கள் குவிந்ததால் 1904இல் இரண்டாவது வந்தது, பிறகு இன்னும் சில. வேறு கதைகள் எழுத ஆசைப்பட்ட பாம், 1910இல் ஆறாவது புத்தகத்தில் ஒரு தந்திரம் செய்தார். ஓஸ் நாட்டையே யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைத்துவிட்டார். இனி அங்கிருந்து எந்தச் சேதியும் வராது என்று கதாநாயகிச் சிறுமி டோரதி சீட்டு எழுதி அனுப்புவதோடு கதை முடிகிறது. ஆனால் அதற்குப் பின் எழுதிய கதைகள் ஓஸ் அளவுக்குப் போகவில்லை, 1911இல் திவாலும் ஆனார். அப்போது ஒரு குழந்தை கேட்டதாம்: கம்பியில்லாத் தந்தி வழியாக டோரதியிடம் பேசலாமே? 1913இல் அந்த யோசனையை முன்னுரையிலேயே சொல்லிவிட்டு, ஓஸ் கதையை மறுபடியும் தொடங்கினார். 1919இல் அவர் இறந்த பிறகும் நிற்கவில்லை. ரூத் பிளம்லி தாம்சன் என்பவர் 1921 முதல் வருடா வருடம் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆக, பெரியவர்கள் கதவைச் சாத்தியபோதெல்லாம் பிள்ளைகள்தான் தட்டியிருக்கிறார்கள். வியாபாரி பின்னால் வந்து அங்கே கடை போட்டார். நானும் வார இதழில் ‘தொடரும்’ என்ற சொல்லைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவன்தான்.

அதனால் நிறுத்தாதீர்கள். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, நூலகமும் பழைய புத்தகக் கடையும் இருக்கின்றன. “இதைப் படி” என்று வேறொன்றைக் கையில் திணிக்காமல், அவள் உட்காரும் இடத்தில் போட்டுவையுங்கள். பழைய வரிசையிலேயே 56 புத்தகங்கள் இருக்கின்றனவே என்று பயப்படவும் வேண்டாம். உங்களுக்குத் தெரிகிற ஒரே மாதிரித்தனம் அவளுக்கும் தெரியவரும். 17ஆவதை முடித்ததும், குற்றவாளி யாரென்று எந்தப் பக்கத்தில் கண்டுபிடித்தாய் என்று கேட்டுப் பாருங்கள்.