ஊழல் புகாரும் நாடாளுமன்றத் தேர்தலும்: கேள்வி பதில்

கேள்வி: 1989-இல் காங்கிரஸைத் தோற்கடித்தது போஃபர்ஸ் பீரங்கி ஊழல் புகார்தான் என்கிறார்களே, சரியா?

பதில்: பாதி சரி. ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் செய்த பீரங்கிக் கொள்முதலில் தரகுப் பணம் கைமாறியதாக ஸ்வீடன் வானொலி 1987 ஏப்ரலில் அறிவித்தது. வாக்குப்பதிவுக்கு இன்னும் இரண்டரை ஆண்டுகள் இருந்தன. சாதாரணமாக எந்தப் புகாரும் அதற்குள் ஆறிப்போகும். காங்கிரஸ் ஆட்சிக்குள்ளிருந்தே வெளியேறிய முன்னாள் அமைச்சர் வி.பி.சிங் அதை ஊர் ஊராகக் கொண்டு சென்றதும், ஜனதா தளம், பாஜக, இடதுசாரிக் கட்சிகள் ஆகியவை ஒன்றின் வாக்கை மற்றொன்று பிரிக்காதவாறு பல தொகுதிகளில் உடன்பாடு கண்டதும் அதை ஆறவிடவில்லை. 1984-இல் 400-க்கும் மேற்பட்ட இடங்களை வென்றிருந்த காங்கிரஸ் 197-க்குச் சரிந்தது. ஆயினும் ஏறத்தாழ 40 விழுக்காடு வாக்குகளுடன் அதுவே தனிப்பெரும் கட்சி. புகார் வாக்கைக் கரைத்தது. இடங்களைப் பறித்தது தொகுதி உடன்பாடு என்பதே என் கணிப்பு.

கேள்வி: தமிழ்நாட்டில் அந்த அலை வீசவில்லையே?

பதில்: வீசவில்லை. 39 இடங்களில் 38-ஐ அதிமுக–காங்கிரஸ் கூட்டணி வென்றது. மாநிலத்தை ஆண்ட திமுகவுக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. கூட்டணிக் கணக்கு வலுவாக இருந்த இடத்தில் பீரங்கி எடுபடவில்லை.

கேள்வி: தேர்தலுக்குச் சில நாள்களுக்கு முன் வெளியாகும் செய்திக்கு வலு அதிகமா?

பதில்: பழைய புண்ணைக் கீறும் செய்தியாக இருந்தால், ஆம். ஜப்பானில் கணக்கில் காட்டாத நிதி விவகாரத்தில் சிக்கிய தன் உறுப்பினர்கள் சிலருக்கு, அங்கு ஆட்சியிலிருந்த லிபரல் ஜனநாயகக் கட்சி 2024-இல் வேட்பாளர் அங்கீகாரம் மறுத்தது. அவர்கள் தலைமை வகித்த கட்சிக் கிளைகளுக்கும் தலா 2 கோடி யென் அனுப்பப்பட்ட செய்தியைக் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடான அகாஹதா வாக்குப்பதிவுக்கு நான்கு நாள்களுக்கு முன் வெளியிட்டது. தண்டித்ததாகச் சொன்ன கை, பின்வாசல் வழியே பணம் நீட்டியதாகவே வாக்காளர் அதைப் பார்த்தனர். 465 இடங்களில் அக்கட்சி 191-ஐ மட்டுமே பெற, கூட்டணியும் பெரும்பான்மையை இழந்தது.

கேள்வி: பின்னர் நீதிமன்றம் விடுவித்தால் இழந்தது திரும்புமா?

பதில்: வேட்பாளருக்குத் திரும்பலாம், ஆட்சிக்குத் திரும்பாது. 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு ஊழல் வழக்கின் நிழலில் 2014-இல் நீலகிரியில் தோற்ற முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ.இராசா (திமுக), 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டு, 2019-இல் அதே தொகுதியில் வென்றார். அந்த ஒதுக்கீட்டின்போது மத்திய ஆட்சிக்குத் தலைமை வகித்த காங்கிரஸோ 2014-இல் 44 இடங்களுக்குக் குறுகி, 2019-இலும் 52-ஐத் தாண்டவில்லை.